மணலுக்குக் கீழே – 7: ஷெல் விட்டுப்போன பாதி

சென்ற வாரம் கோதாவரி முகத்துவாரத்தில் நின்றோம். ரவ்வா வயலில் உற்பத்தி ஏறிக்கொண்டே போனதையும், அதில் வந்த பணம் எடின்பரோவில் இருந்த கெய்ர்ன் எனர்ஜிக்காரர்களுக்குப் புதுத் தெம்பைக் கொடுத்ததையும் பார்த்தோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். கெய்ர்ன் எனர்ஜி ஸ்காட்லாந்தில் முளைத்த சின்ன எண்ணெய் நிறுவனம். தொடங்கியவர் பில் கேமல். ஸ்காட்லாந்து ரக்பி அணிக்காக ஐந்து ஆட்டங்கள் ஆடியவர். 1988-இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் கமாண்ட் பெட்ரோலியத்தை வாங்கியபோது ஆந்திரக் கடலோரத்து ரவ்வாவும் அதோடு கைக்கு வந்தது. அதே ஆண்டு வங்கதேசக் கடலில் சாங்கு எரிவாயு வயலைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அமெரிக்காவில் இருந்ததை விட்டுவிட்டு, இனி தெற்காசியாதான் என்று முடிவு செய்தார்கள்.

இனி நாம் போகவேண்டியது மேற்கே, பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்துக்கு.

*

தார் பாலைவனத்தின் ஒரு பகுதி அது. கேஜ்ரி மரங்களும் கம்பங்கொல்லைகளும் மணல்மேடுகளும்தான் கண்ணுக்குத் தெரியும். நாலைந்து வட்டக் குடிசைகள் சேர்ந்தால் ஒரு ‘தாணி’. தண்ணீருக்காகப் பெண்கள் வெகுதூரம் நடப்பார்கள்.

ராஜஸ்தானில் எரிபொருள் தேடியதில் பார்மர் முதல் முயற்சி இல்லை. ஜெய்சால்மர் பக்கம் மன்ஹேரா திப்பாவில் அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. 1960-களிலேயே எரிவாயு கண்டது. பாகேவாலாவில் ஆயில் இந்தியாவுக்குக் கனமான, தார் போன்ற எண்ணெய் கிடைத்தது. ஆனால் இந்தியாவின் எண்ணெய் வரைபடத்தில் அசாம், குஜராத், பாம்பே ஹை என்று பெயர்கள் பெரிய எழுத்தில் இருந்த காலத்தில் ராஜஸ்தான் ஓரத்துக் குறிப்பாகவே கிடந்தது.

1995 மே மாதம், பார்மர் பகுதியில் எண்ணெய் தேட ஒதுக்கிய ஆர்.ஜே.-ஓ.என்.-90/1 என்ற பிளாக்குக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. பரப்பு சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். எடுத்த நிறுவனம் ஷெல். உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் ஒன்று. தேடும் செலவு ஷெல்லுடையது. எண்ணெய் கிடைத்து அது வணிகத்துக்குத் தேறும் என்றால், ஓ.என்.ஜி.சி. 30 சதவீதம் பங்கு எடுத்துக்கொள்ளலாம். இந்த 30 சதவீதத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய தகராறாக வரப்போகிற சங்கதி இது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கெய்ர்ன் இந்த பிளாக்கில் ஒரு சிறு பங்கோடு நுழைந்தது. பெரியவர் வண்டியோட்ட, சின்னவர் பின் இருக்கையில் உட்கார்ந்து போவதுபோன்ற ஏற்பாடு.

அப்புறம் எண்ணெய் விலை சரிந்தது.

*

1998 முடியும்போது கச்சா எண்ணெய் பீப்பாய் பத்து டாலருக்கு வந்துவிட்டது. இன்று அந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். அன்று எண்ணெய்க் கம்பெனிகளில் யாரும் சிரிக்கவில்லை. எக்ஸான் மொபிலோடு இணைந்தது, பி.பி. அமோக்கோவோடு இணைந்தது. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: எதை வெட்டலாம்?

இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் வெட்டுப்படுவது தூரத்துப் பாலைவனத்தில் நடக்கும் தேடல்தான்.

1999-இல் குடா என்ற இடத்தில் எண்ணெய் தென்பட்டது. கொண்டாடும் அளவுக்கு இல்லை. பிளாக்கில் கெய்ர்னின் பங்கு பாதியாக ஏறியது. 2001-இல் சரஸ்வதி என்று பெயரிட்ட வயல் கிடைத்தது. அதுவும் சிறியது. மண்ணுக்குள் பிளவுகளும் முறிவுகளும் அதிகம். ஒரு கிணற்றில் தெரிந்ததை வைத்துப் பக்கத்துக் கிணற்றைச் சொல்ல முடியவில்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும். இந்த அத்தியாயமே அந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

ஷெல் அன்று உலகம் முழுவதும் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பீப்பாய்க்கும் மேல் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பாலைவன வயல் நாளுக்கு ஐயாயிரம் பீப்பாய் தந்தால், அந்தக் கடலில் அது ஒரு துளிகூட இல்லை. அதற்கு ஒரு குழு, மேலாளர், அனுமதிகள், டெல்லியில் அமைச்சகத்தோடு பேச ஆள், பாதுகாப்பு என்று எல்லாமே வேண்டும். சிறு வயலுக்கும் பெரு வயலுக்கும் இந்தத் தலைவலி ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பெரிய கம்பெனி பெரிய வயலைத் தேடுவது பேராசை என்று நான் சொல்லமாட்டேன். அதன் உடம்புக்கு அந்தத் தீனி வேண்டும்.

கெய்ர்னுக்கோ ஐயாயிரம் பீப்பாய் என்பது சம்பளம் போட உதவும் பணம். அதற்குப் பெட்ரோல் பங்க் கிடையாது, சுத்திகரிப்பு ஆலை கிடையாது, எண்ணெய்க் கப்பல் கிடையாது. தேடுவது, எடுப்பது, விற்பது. இவ்வளவுதான் தொழில். சுயேச்சை நிறுவனம் என்று எண்ணெய்க்காரர்கள் சொல்வது இதைத்தான். பெரிய கம்பெனி ஒரு கிணற்றில் தோற்றால், வேறு எங்கோ பெட்ரோல் விற்றுச் சரிக்கட்டும். சுயேச்சைக்காரன் தோற்றால் அந்த ஓட்டையை மூட வேறு கை இல்லை.

2002-இல் ஷெல் தன்னிடம் மீதமிருந்த பாதியையும் கெய்ர்னுக்கே விற்றது. விலை சுமார் 70 லட்சம் டாலர்.

அந்த ஆண்டு பருவமழை நாடு முழுவதும் பொய்த்தது. ராஜஸ்தானில் கடும் வறட்சி. பார்மரில் ஆடுமாடுகளுக்குத் தீவனமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணுக்கு அடியில் தேடும் உரிமை முழுக்கத் தனக்கே என்று ஒரு ஸ்காட்லாந்து நிறுவனம் கையெழுத்துப் போட்டது.

*

துணிச்சல் என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

எல்லா நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் ‘எங்கள் விழுமியங்கள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். வழவழப்பான தாளில், சிரித்த முகங்களோடு. அந்தப் பக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. எண்ணெய் நிறுவனத்தின் குணத்தை அறிய, கிணறு வறண்டுபோனதற்கு மறுநாள் அது என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். மூட்டை கட்டுகிறதா? யாரைத் திட்டுகிறது? அந்த வறண்ட கிணற்றிலிருந்து வந்த பாறைத்துகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறதா?

கெய்ர்ன் திரும்ப எடுத்துப் பார்த்தது. ஆய்வுப் பிரிவை நடத்தியவர் மைக் வாட்ஸ், புவியியலாளர். அன்றைக்குக் கெய்ர்னின் இந்திய அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருந்தது. பார்மர் பாலைவனத்தைப் பற்றிய விவகாரங்கள் மவுண்ட் ரோடு நெரிசலுக்கு நடுவே பேசப்பட்டன என்பது சென்னைக்காரர்களுக்கே பலருக்குத் தெரியாத செய்தி.

கேமலுக்குப் பெரிய இடத்துத் தொடர்புகள் இருந்தனவே, அதுதானே வெற்றிக்குக் காரணம் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், அவருடைய தந்தை புஷ் குடும்பத்துக்கு நெருங்கியவர், டோனி பிளேர் பள்ளித்தோழர். வங்கிக்கதவு திறக்க அது உதவியிருக்கலாம். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இருக்கும் மணற்கல்லுக்கு யார் யாருடைய நண்பர் என்ற கணக்கு கிடையாது.

*

பார்மர் படுகை எப்படி உண்டானது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். வடக்கிலிருந்து தெற்காக நீண்ட ஒரு பள்ளம் அது. நிலம் இரண்டாகப் பிளக்கத் தொடங்கி, முழுதும் பிளக்காமல் நின்றுபோனதால் உண்டானது. டைனோசர்கள் மறைந்த காலத்தை ஒட்டி, அந்தப் பள்ளத்தில் ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. அதை ஃபத்தேகட் மணற்கல் என்கிறார்கள். பிறகு பள்ளம் இன்னும் ஆழ்ந்து ஏரியானது. ஏரியில் வளர்ந்த பாசி செத்து அடியில் சேறாகப் படிந்தது. அந்தச் சேறு புதைந்து, வெந்து, எண்ணெயானது. எண்ணெய் மணலுக்குள் ஏறித் தங்கியது.

ஏரிப் பாசி என்பதை மறக்கவேண்டாம். கடலில் உண்டான எண்ணெய்க்கும் ஏரியில் உண்டான எண்ணெய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

ஆரம்பத்தில் தோண்டியதில் பெரும்பகுதி படுகையின் நடுவிலும் தெற்கிலும். அங்கே பாறை ஆழத்தில், சிக்கலாக, இறுகிக் கிடந்தது. 2003-இல் ராகேஷ்வரி கிடைத்தது. எரிவாயுவும் கொஞ்சம் எண்ணெயும். அதுவும் தலையெழுத்தை மாற்றவில்லை.

வடக்கே போகலாம் என்ற யோசனை அப்போது எழுந்தது. அங்கே ஃபத்தேகட் மணல் மேலாக, சாய்ந்த பெரிய பாளமாக இருப்பதை நில அதிர்வு ஆய்வுக் கோடுகள் காட்டின. ஆனால் கோடு கோடுதான். மணல் இருக்கிறது என்று சொல்லும். அதற்குள் இருப்பது எண்ணெயா உப்புத்தண்ணீரா என்று சொல்லாது. எண்ணெய் பிறந்த ஆழமான பகுதியிலிருந்து அவ்வளவு தூரம் அது நகர்ந்து வந்திருக்குமா என்பதும் கேள்வி.

பதில் தெரிய ஒரே வழி, தோண்டுவது. ஒப்பந்தக் காலமும் ஓடிக்கொண்டிருந்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் தேடலுக்குக் கெடு உண்டு; கட்டம் கட்டமாக நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பிடிவாதத்துக்கும் ஒரு கடைசித் தேதி இருந்தது.

*

கிணறு தோண்டும் இடத்தில் சினிமாவில் வருவதுபோல எண்ணெய் வானத்துக்குப் பீறிட்டு அடிப்பதில்லை. அப்படி அடித்தால் அது விபத்து.

உண்மையில் நடப்பது மிக மெதுவான காரியம். டிரில் பிட் பாறையை அரைத்துக்கொண்டே இறங்கும். ‘மட்’ எனப்படும் கனமான சேற்றுக் கரைசலைக் குழாய்க்குள் செலுத்திக்கொண்டே இருப்பார்கள்; அது அரைபட்ட துகள்களை மேலே அள்ளிவரும். மேலே அதிரும் சல்லடையில் துகள்கள் தங்கும். சில மீட்டருக்கு ஒருமுறை ஒருவர் வந்து அதில் ஒரு கை அள்ளுவார். கழுவுவார். உலர்த்துவார். சின்ன அறைக்குள் கொண்டுபோய் நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்துக்கொள்வார்: களிமண், களிமண், களிமண்.

பிறகு ஒரு கட்டத்தில் பிட் இறங்கும் வேகம் திடீரென்று கூடும். இறுகிய களிப்பாறையிலிருந்து மணலுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். ரிக்கில் இருப்பவர்களுக்கு இந்த வேகமாற்றம் காதிலேயே தெரியும். அடுத்த கைப்பிடித் துகளைப் புறஊதா விளக்குப் பெட்டிக்குள் வைப்பார்கள். எண்ணெய் ஒட்டிய மணல் அந்த இருட்டில் மஞ்சளாக, நீலமாக ஒளிரும். அதன்மேல் கரைப்பான் ஒரு சொட்டு விட்டால், வெளிச்சம் கோடாக வழியும்.

அதுவும் போதாது. கிணற்றுக்குள் கம்பியில் கருவிகளை இறக்கி, மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று அளப்பார்கள். உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. காகிதச் சுருளில் கோடு வலப்பக்கம் எகிறினால், கண்டுபிடித்தாயிற்று.

2004 ஜனவரியில், வடக்கே தோண்டிய மங்களா கிணற்றில் அந்தக் கோடு எகிறியது.

*

ஜனவரி 2004 என்ற மாதத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும்.

அந்த மாதம் 9-ஆம் தேதி ஷெல் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன் கையிருப்பு என்று கணக்குக் காட்டிவந்த எண்ணெய் எரிவாயுவில் 390 கோடி பீப்பாய், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அந்தக் கணக்கில் சேர்த்திருக்கக்கூடாது என்று ஒப்புக்கொண்டது. லண்டன் அதிர்ந்துபோனது. மார்ச்சில் தலைவரே பதவியிழந்தார்.

அதே மாதத்தில், ஷெல் 70 லட்சம் டாலருக்குக் கைகழுவிய பாலைவனத்தில் எண்ணெய் கிடைத்துவிட்டது என்று கெய்ர்ன் அறிவித்தது.

நாவலில் எழுதினால் பதிப்பாளர் அடித்துவிடுவார், நம்பும்படி இல்லை என்று.

மங்களா எவ்வளவு பெரியது? மண்ணுக்குள் இருக்கும் மொத்த எண்ணெய் சுமார் 130 கோடி பீப்பாய் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். இருப்பது வேறு, எடுக்கக்கூடியது வேறு. முழுதும் வெளியே வராது. இருந்தாலும் அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியாவில் நிலப்பகுதியில் இப்படி ஒரு கண்டுபிடிப்பு இல்லை. ஆழமும் அதிகமில்லை, ஆயிரம் மீட்டர் சுற்று. துளைகள் நிறைந்த, எண்ணெய் தடையில்லாமல் ஓடக்கூடிய மணற்கல். சரஸ்வதியிலும் குடாவிலும் இல்லாதது எல்லாம் இங்கே ஒரே இடத்தில் இருந்தது.

ஒரு சாவி கிடைத்ததும் மற்ற பூட்டுகள் திறந்தன. அதே ஆண்டில் ஐஸ்வர்யா, பாக்கியம் என்ற வயல்கள். கெய்ர்ன் பங்கு விலை மளமளவென ஏறி, அந்த ஆண்டே லண்டனின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலுக்குள் கெய்ர்ன் நுழைந்தது. மங்களாவை ஒட்டிய நாகானா கிராமத்துப் பக்கம் ஜீப்புகள் வரத் தொடங்கின. நிலத்தின் விலையைப் பற்றி அதுவரை பேசியிராத ஊர்களில் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. அதில் யார் எவ்வளவு பெற்றார்கள், யார் இழந்தார்கள் என்பதற்குத் தனி அத்தியாயம் வேண்டும், எழுதுகிறேன்.

*

விடாமுயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்று மேலாண்மைப் புத்தகங்கள் இதை எழுதும். அரைவாசி சரி.

தோண்டிய கிணறுகள் எல்லாம் வறண்டு, வங்கிக்கடனில் மூழ்கி, பெயரே மறைந்துபோன சுயேச்சை நிறுவனங்கள் டெக்ஸஸிலும் வடகடலிலும் ஏராளம். அவர்களும் பிடிவாதக்காரர்கள்தான். அவர்களைப் பற்றித் தொடர் எழுத யாரும் கூப்பிடுவதில்லை. கெய்ர்னே பின்னாளில் இதே பிடிவாதத்தோடு கிரீன்லாந்துக்குப் போய், 2010-லும் 2011-லும் பனிக்கடலில் எட்டுக் கிணறுகள் தோண்டியது. வணிகத்துக்குத் தேறும் எண்ணெய் ஒன்றிலும் இல்லை. அதே ஆட்கள், அதே குணம்.

ஆனால் பார்மரில் அவர்கள் செய்ததில் ஒன்றை மதிக்கிறேன். ஷெல் போனபோது பிளாக்கைப் பற்றிய தகவல் எல்லாம் இரண்டு தரப்பிடமும் ஒன்றாகவே இருந்தது. ஒரே வரைபடம், ஒரே கிணற்றுத் துகள். ஒருவருக்கு அது முடிந்துபோன வேலையாகப் பட்டது. மற்றவருக்குப் பாதியில் நிற்கும் வேலையாகப் பட்டது. சின்ன நிறுவனத்துக்கு வேறு போக்கிடம் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். போக்கிடம் இல்லாதவன் இருக்கும் இடத்தை உன்னிப்பாகப் பார்ப்பான்.

*

கண்டுபிடித்தாயிற்று, பங்கு ஏறியாயிற்று. அப்புறம்தான் எண்ணெயை எல்லோரும் நிதானமாகப் பார்த்தார்கள்.

நான் ஏரிப் பாசியை மறக்கவேண்டாம் என்றேன் அல்லவா? அந்தப் பாசியில் உண்டான எண்ணெயில் மெழுகு மிக அதிகம். பூமிக்குள் சூட்டில் இருக்கும்வரை ஓடும். வெளியே வந்து நாற்பது டிகிரி சொச்சத்துக்குக் கீழே ஆறினால், மார்கழிக் காலைத் தேங்காயெண்ணெய் மாதிரி உறைந்துவிடும். மார்கழிக்குளிரெல்லாம் இதற்குத் தேவையில்லை. சாதாரண அறை வெப்பமே போதும். பார்மரின் கோடைப் பகலில் ஒருவேளை ஓடலாம். தை மாத இரவில், பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும் பாலைவனத்தில், குழாய்க்குள் அது அசையாது. பம்ப் சில நாள் நின்றால் குழாய் முழுக்க ஒரே நீள மெழுகுவத்தியாகிவிடும்.

பார்மரில் அன்று சுத்திகரிப்பு ஆலை இருக்கவில்லை. கடலுக்குக் குழாய் போடவேண்டிய வழி, குஜராத்தைக் குறுக்காகத் தாண்டி, அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல். அரசு வாங்குபவராக நியமித்ததோ, ஓ.என்.ஜி.சி.யின் கைவசம் இருந்த மங்களூர் சுத்திகரிப்பு ஆலையை. மங்களாவிலிருந்து மங்களூர், பெயர்ப் பொருத்தம் பிரமாதம், ஆனால் இடையில் பாதி இந்தியா கிடந்தது. எண்ணெயைக் கிணற்றடியில் ஒப்படைத்தால் போதும் என்பது ஒப்பந்தத்தின்படி கெய்ர்னின் நிலை. அதைச் சுமந்துபோகும் குழாயை வாங்குபவர் போடவேண்டும். வாங்குபவருக்கு அதில் ஆர்வமில்லை.

இருநூறு மைல் தூரத்துக்குக்கூட இப்படிப்பட்ட எண்ணெயைச் சூடு குறையாமல் குழாயில் கொண்டுபோவது லேசான காரியமில்லை. நானூறு மைலுக்கு மேல் பாலைவனமும் உப்பளமும் வயல்வெளியும் தாண்டி, வழி நெடுக எண்ணெயைக் கொதிக்கவிடாமலும் உறையவிடாமலும் வைத்திருக்க எப்படி முடியும்? அதைச் செய்ய ஒரு வழி கிடைத்தால், அதற்கான பணத்தைப் போடப்போவது கெய்ர்னா, ஓ.என்.ஜி.சி.யா, டெல்லியா?

(தொடரும்)